நாற்சந்தியில் ஒரு மனு

சென்ற வருஷம் மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, ஒரு பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கதைக்குத் தலைப்புக் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன். கதை எழுதியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். தலைப்புக் கிடைத்தால்தான் எனக்குக் கதை வரும். அந்தச் சமயத்தில் வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். இன்னொருவர் டீக்கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் எழுபது வயதைத் தாண்டிய விவசாயி. தோளில் துண்டும் கையில் ஒரு மஞ்சள் பையுமாக வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்.

நெய்வேலியில் ஒரு வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது வெளியூர்க்காரர்களுக்குச் சற்றுச் சிரமமான காரியம். இங்கே எல்லாம் வட்டத்துக்கும் எண், வீட்டுக்கும் எண். மூன்று பேரும் ஒரு மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள்.

"வளையமாதேவிப் பக்கத்திலேருந்து வரோம் சார்" என்றார் ஆசிரியர்.

எனக்குப் பகீரென்றது. சேத்தியாத்தோப்பை அடுத்த அந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் அறிந்துகொண்டது 2023 ஆம் வருஷம் ஜூலை மாதத்தில். சுரங்க விஸ்தரிப்புக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டும் வேலை அப்போது நடந்தது. பச்சை நெற்பயிருக்கு நடுவில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கிய படத்தை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. அதைப் பற்றித்தான் என்னவோ எழுதச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். சுரங்கத்தின் உப்பைத் தின்று வளர்ந்த ஊரில் குடியிருப்பவனுக்கு அது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். ஆனால் அவர்கள் அதற்காக வரவில்லை.

"எங்க ஊருக்குப் போற வழியில ஒரு நாற்சந்தி இருக்கு சார். அதுக்கு ஒரு சிக்னல் வேணும். நீங்க ஒரு மனு எழுதிக் குடுத்தீங்கன்னா கலெக்டர் ஆபீசுல கொஞ்சம் படிச்சுப் பாப்பாங்க."

என் நாவல்களையே கடைசிப் பக்கம் வரையில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் மனிதன் புகழ்ச்சிக்கு மயங்குகிறவன் அல்லவா? உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்து விவரம் கேட்டேன். போன ஐப்பசியில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையன் அந்தச் சந்தியில் சைக்கிளோடு அடிபட்டிருக்கிறான். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காலில் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் எதுவும் பேசாமல் மஞ்சள் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அன்று நான் மனு எழுதிக் கொடுக்கவில்லை. பத்து நாள் தவணை கேட்டேன். ஒன்றுமே தெரியாமல் கதை எழுதிவிடலாம். மனு எழுத முடியாது. ஒரு சந்திக்கு விளக்கு வேண்டும், இன்னொரு சந்திக்கு வேண்டாம் என்று யார், எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்? இத்தனை வருஷம் சிவப்பு விளக்கைக் கண்டு நின்றிருக்கிறேனே ஒழிய, இந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டதில்லை.

நாலு வழி கூடுமிடம் என்றாலே ஜனங்களுக்கு ஆதிகாலம் முதல் ஒரு பயம் உண்டு. திருஷ்டி கழித்த பூசணிக்காயை முச்சந்தியில்தான் உடைக்கிறோம். அதில் வழுக்கி விழுந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது வேறு விஷயம். சிலப்பதிகாரத்துப் பூம்புகாரில் சதுக்கப் பூதம் ஒன்று உண்டு. பொய்ச்சாட்சி சொல்பவர்களையும் பிறன்மனை நாடுபவர்களையும் கயிற்றால் கட்டி அடித்து விழுங்கிவிடும் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். நாற்சந்தியில் நின்று நியாயம் பார்த்த முதல் உத்தியோகஸ்தர் அந்தப் பூதம்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது உத்தியோகஸ்தர் தோன்றியது லண்டனில், 1868 ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில். பார்லிமெண்டுக்கு எதிரே உள்ள சந்தியில் குதிரை வண்டிகளின் நெரிசல் தாங்க முடியவில்லை. நடந்து போகிறவர்கள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போவதற்குள் உயிர் போய் உயிர் வரும். பார்லிமெண்ட் அங்கத்தினர்களும் அப்படிக் கடக்கிறவர்களில் சேர்ந்தவர்கள்தானே! ஜான் பீக் நைட் என்று ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார். ரயில் பாதையில் உள்ள கைகாட்டி மரத்தை ஏன் தெருவில் நடக்கூடாது என்று அவர் யோசனை சொன்னார். அப்படியே இருபது அடிக்கு மேல் உயரமுள்ள ஒரு கம்பம் நட்டார்கள். பகலில் அதன் கைகள் நீட்டி நிற்கும். இரவில் சிவப்பும் பச்சையுமாகக் காஸ் விளக்கு எரியும். அடியில் ஒரு போலீஸ்காரர் நின்று அதைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது மோட்டார் கார் என்ற பொருளே உலகத்தில் கிடையாது. முதல் சிக்னல் பிறந்தது வண்டிகளுக்கு வழிவிடுவதற்காக அல்ல. நடந்து போகிறவன் சாலையைக் கடப்பதற்காக வண்டிகளை நிறுத்தி வைக்கத்தான். பின்னால் இது எப்படித் தலைகீழாயிற்று என்பதைப் பார்க்கப் போகிறோம்.

அந்தக் கைகாட்டி மரத்தின் ஆயுள் ரொம்பக் கொஞ்சம். 1869 ஆம் வருஷம் ஜனவரி மாதம் 2 ஆம் தேதி காஸ் கசிந்து விளக்கு வெடித்தது. திருப்பிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்குப் பலத்த காயம். விபத்தைத் தடுக்க வந்த கருவியே விபத்தை உண்டாக்கியது என்று ஊரெல்லாம் பேச்சு. பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

மறுபடியும் விளக்கு வந்தது அமெரிக்காவில், மோட்டார் கார் பெருகிய பிறகு. 1914 ஆகஸ்டு 5 ஆம் தேதி கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு சந்தியில் மின்சார விளக்குகள் வைத்தார்கள். பக்கத்துக் கூண்டுக்குள் ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவார். 1920 இல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்காரர் வில்லியம் பாட்ஸ் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே மஞ்சளைச் சேர்த்து நாலு பக்கமும் தெரியும்படி அமைத்தார். 1928 இல் பால்டிமோர் நகரத்தில் சார்லஸ் அட்லர் என்பவர் செய்தது இன்னும் வேடிக்கை. குறுக்குச் சாலையில் வருகிறவர் ஹாரனை அடித்தால், கம்பத்தில் உள்ள ஒலிவாங்கி அதைக் கேட்டு விளக்கைப் பச்சையாக்கும். நல்லவேளை, அந்த யோசனை நம் ஊருக்கு வரவில்லை. வந்திருந்தால் விளக்குக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

நம் நாட்டில் முதலாவது என்று சொல்லப்படுகிற விளக்கு சென்னை எழும்பூரில் 1953 இல் வந்தது. அதே வருஷம் ஏப்ரல் மாதத்தில்தான் சென்னையில் டிராம் வண்டிகள் கடைசியாக ஓடி நின்றன. 1895 முதல் தெருவின் நடுவே மணியடித்துக்கொண்டு போன வண்டி அது. அது இருந்த வரையில் மற்ற வண்டிகள் அதற்கு ஒதுங்கி நின்றன. தண்டவாளம் எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது போன பிறகு யார் யாருக்கு ஒதுங்குவது? பெங்களூருக்கு விளக்கு வர 1963 ஆயிற்று. சென்னையிலேயே விளக்கும் போதாது, ரவுண்டானாவும் போதாது என்று 1973 இல் ஜெமினியில் பாலம் கட்டினார்கள்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் என் கேள்விக்கு இதில் பதில் இல்லை. சாலை வேலையில் வெகு காலம் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சிக்னல் வேணும்னு மனு குடுக்கறவங்க எல்லாருமே விளக்கைத்தான் கேக்கறாங்க. கணக்கை யாரும் கேக்கறதில்லை" என்றார்.

கணக்கு என்னவென்று கேட்டேன். அலமாரியிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். 1934 இல் ஏற்பட்ட இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற ஸ்தாபனம் 1985 இல் வெளியிட்டது. நாட்டிலே எங்கே விளக்கு வைக்கலாம் என்பதற்கு அதுதான் சாஸ்திரம். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் கௌரவத்துக்காக விளக்கு வைக்க ஆரம்பித்தார்கள். விளக்கு இருந்தால்தான் பட்டணம் என்று ஒரு நினைப்பு. அந்த ஆசைக்கு அணை போட 1935 இல் அவர்கள் ஒரு விதிப் புத்தகம் எழுதினார்கள். நம் சாஸ்திரம் அந்த வழியில் வந்தது.

அதன் சாரம் இது. ஒரு சாதாரண நாளில் எட்டு மணி நேரம் வண்டிகளை எண்ண வேண்டும். பெரிய சாலையில் இரண்டு பக்கமும் சேர்த்து மணிக்குச் சராசரி 650 மோட்டார் வாகனங்கள் வர வேண்டும். அதே சமயம் குறுக்குச் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து 200 வர வேண்டும். இது ஒற்றை வரிசையாக வண்டி வரும் சாலைகளுக்கு. அகலம் கூடினால் எண்ணும் கூடும். அல்லது, பெரிய சாலையில் 1,000 வண்டிகள் இடைவெளி இல்லாமல் ஓடி, குறுக்குச் சாலையில் 100 வண்டிகள் நுழைய வழியில்லாமல் தவிக்க வேண்டும். அல்லது, பெரிய சாலையில் மணிக்கு 600 வண்டிகள் ஓடும்போது 150 பேர் நடந்து கடக்க வேண்டும். அல்லது, பன்னிரண்டு மாதத்தில் ஐந்து விபத்துகள் நேர்ந்திருக்க வேண்டும். அந்த ஐந்தும் விளக்கு இருந்தால் நடந்திராத ரகமாக இருக்க வேண்டும். வேறு சிறிய வைத்தியங்களைச் செய்து பார்த்தும் குணம் தெரியாமல் இருக்க வேண்டும்.

"649 வந்தால் விளக்கு இல்லை, 650 வந்தால் உண்டு என்றா சொல்கிறீர்கள்?"

"அப்படி இல்லை. எண் வந்துட்டா யோசிக்க ஆரம்பிக்கலாம்னு அர்த்தம். எண் வந்தும் வேண்டாம்னு சொல்ற இடம் உண்டு."

இந்த எண்களில் மோட்டார் வாகனத்துக்கு மட்டுமே இடம். சைக்கிளும் மாட்டு வண்டியும் அதில் கிடையாது. சாலையின் அகலத்தைத் தீர்மானிக்கிற கணக்கு வேறு. அங்கே மாட்டு வண்டிக்கு ஏக மரியாதை. கிராமச் சாலையில் ஒரு பெரிய மாட்டு வண்டி எட்டுக் கார்களுக்குச் சமம். இரண்டு சைக்கிள் சேர்ந்தால் ஒரு கார். இடத்தை அடைப்பதில் எட்டுப் பங்கு மதிப்புள்ள அந்தப் பிராணிகள், விளக்கு வைக்கும் பந்தியில் இலை போடப்படாமல் நிற்கின்றன.

நான் இதைச் சொல்லிக் கொஞ்சம் ஆத்திரப்பட்டேன். நண்பர் பொறுமையாக இன்னொரு விஷயத்தை விளக்கினார். இங்கிலாந்தில் வெப்ஸ்டர் என்ற நிபுணர் 1958 இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். விளக்கு ஒவ்வொரு தடவை நிறம் மாறும்போதும் சில விநாடிகள் யாருக்கும் உபயோகப்படாமல் வீணாகின்றன. நின்ற வண்டி கிளம்ப வேண்டும். ஓடுகிற வண்டி நிற்க வேண்டும். கூட்டம் மிகுந்த சந்தியில் இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் விளக்கு இல்லாவிட்டால் அதைவிட நஷ்டம். கூட்டம் இல்லாத சந்தியிலோ நஷ்டம் மட்டுமே மிஞ்சும். யாருமே வராத குறுக்குச் சாலைக்காகப் பெரிய சாலையில் ஒரு லாரிக்காரர் நிற்கிறார். முதல் நாள் நிற்பார். இரண்டாம் நாள் நிற்பார். மூன்றாம் நாள் இருபக்கமும் பார்த்துவிட்டுப் போவார். நாலாம் நாள் பார்க்காமலே போவார். அன்றைக்குப் பச்சை விளக்கை நம்பி ஒரு பையன் சைக்கிளில் வருவான்.

அதற்குமேல் நான் பேசவில்லை.

எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் நண்பரும் அந்தச் சந்திக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆசிரியர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். காலையில் நாலு மணி நேரம், மாலையில் நாலு மணி நேரம். ஆளுக்கு ஒரு சாலை. நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு.

எண்ணுவது என்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு மணி நேரம் எண்ணிப் பார்க்கட்டும். முதல் அரை மணிக்கு உற்சாகமாக இருந்தது. பிறகு கை தானாகக் கோடு போட்டது. கண் மட்டும் வேறு எதையோ பார்க்க ஆரம்பித்தது. கரும்பு வெட்டுக் காலம். சேத்தியாத்தோப்புச் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள், பின்னால் வருகிறவனுக்கு வானம் தெரியாதபடி பாரம் ஏற்றிக்கொண்டு அசைந்து அசைந்து போயின. இதே எண்ணிக்கையை ஆவணியில் எடுத்திருந்தால் வேறு கணக்கு வந்திருக்கும். பக்கத்து வடலூரிலும் அப்படித்தான். கடலூர்–விருத்தாசலம் சாலையும் பண்ருட்டிச் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஊர் அது. தைப்பூசத்தன்று அங்கே கூடும் ஜனத்தை எண்ண யாராலும் ஆகாது. ஆனால் தைப்பூசம் "சாதாரண நாள்" அல்ல. சாஸ்திரத்தின் கண்ணுக்கு அந்த ஜனம் தெரியாது.

ஒன்பது மணிக்கு ஒரு மந்தை ஆடு கடந்தது. பெரிய சாலையில் இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் நின்றுவிட்டன. நண்பரைப் பார்த்தேன். அவர் பென்சிலை எடுக்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்ததில் வேறு சில விஷயங்கள் புலப்பட்டன. பஸ் நிற்கும் இடம் சந்தியின் முனையிலேயே இருந்தது. பஸ் நின்றால் குறுக்குச் சாலையிலிருந்து வருகிறவனுக்கு வலது பக்கம் அடியோடு மறைந்துவிடுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அதன் முன்புறமாகவே சாலையைக் கடக்கிறார்கள். பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு வரும் லாரிக்கு அவர்கள் தெரியமாட்டார்கள். இன்னொரு முனையில் ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம் மண்டியிருந்தது. அதன் மேல் யாருடைய காதணி விழாவுக்கோ கட்டிய பெரிய படம், விழா முடிந்தும் கழற்றப்படாமல் தொங்கியது. இருட்டிய பிறகு தெருவிளக்கு எரியவில்லை. எரிந்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டதற்கு டீக்கடைக்காரர் சிரித்தார்.

ஏழு மணிக்குக் கட்டுகளைக் கூட்டினோம். பெரிய சாலை சில மணிகளில் எண்ணைத் தொட்டது, சராசரி எட்டவில்லை. குறுக்குச் சாலை, பள்ளிக்கூட நேரத்தைத் தவிர, பக்கத்தில்கூட வரவில்லை. நடந்து கடந்தவர்கள் கணக்கும் காலையில் ஒரு மணி நேரம் தவிர மற்ற வேளைகளில் போதவில்லை. அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு சலுகை உண்டு. பத்தாயிரத்துக்குக் குறைந்த ஜனத்தொகை உள்ள தனித்த ஊர்களில் எழுபது சதவீதம் வந்தால் போதும். எண்ணைக் குறைத்துப் போட்டுப் பார்த்தோம். குறுக்குச் சாலை அப்போதும் தேறவில்லை.

"அப்ப ஐந்து விபத்துங்கிற விதிதான் பாக்கி" என்றார் ஆசிரியர். "அதுல நாம ஜெயிச்சுடலாம் சார். ஒரு வருஷத்துல ஐந்துக்கு மேலயே நடந்திருக்கு. இவரைக் கேளுங்க, உக்காந்த இடத்துலயே பாத்திருக்காரு."

டீக்கடைக்காரர் விரல் விட்டுச் சொன்னார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒன்று. சித்திரையில் ஒரு கல்யாண வேன். ஆடிப்பெருக்கன்று மோட்டார் சைக்கிளில் வந்த புருஷன் பெண்டாட்டி. இப்படி ஏழு வரையில் போயிற்று. எல்லாம் தேதியில்லாத தேதிகள். ஆனால் ஒன்றுகூடத் தவறில்லை என்று அவர் முகம் சொல்லிற்று.

"இதுல எத்தனை ஸ்டேஷன்ல பதிவாச்சு?" என்று நண்பர் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை.

சாஸ்திரம் கேட்பது பதிவான விபத்து. நம் கிராமத்துச் சாலைகளில் நடப்பதோ வேறு. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் புளியமரத்தடியில் உட்காருவார்கள். வைத்தியச் செலவுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று பேசித் தீர்ப்பார்கள். கோர்ட்டு, வாய்தா, வக்கீல் பீஸ் என்ற நீண்ட பாதையில் நடக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அது நியாயமான தீர்ப்பாகவே கூட இருக்கும். ஆனால் அந்தச் சந்தியின் கணக்கில் ஒரு விபத்து குறைந்துவிடும். 2022 ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் என்று சர்க்கார் புள்ளிவிவரம் சொல்கிறது. எந்த மாநிலத்திலும் அவ்வளவு இல்லை. இறந்தவர்கள் 17,884 பேர். படிக்கும்போதே நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அது எழுதப்பட்டவர்களின் கணக்கு. எந்த வருஷத்துப் புத்தகத்தைப் புரட்டினாலும் போன ஐப்பசியில் அடிபட்ட அந்தப் பையன் அதில் இருக்கமாட்டான்.

அதுவரையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"பையன் என் பேரன் தம்பி. லாரிக்காரன் ஆஸ்பத்திரிச் செலவைக் குடுத்துட்டான். நான்தான் கேஸ் வேணாம்னேன். அவனுக்கும் ரெண்டு பொண்ணுங்க." சற்று நேரம் சும்மா இருந்தார். "அப்ப நான் வாங்கின பணம்தான் வௌக்கை நிறுத்திடுச்சா?"

நான் கதைகளில் எத்தனையோ பாத்திரங்களுக்கு வசனம் எழுதியிருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வரவில்லை. நண்பர்தான் சொன்னார். அவருடைய கணக்கு மனசுக்குள் இவ்வளவு ஈரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இல்லீங்க ஐயா. கேஸ் எழுதியிருந்தாலும் விளக்கு வந்திருக்காது. ஏழும் பதிவாகியிருந்தாக்கூட, முதல்ல மத்த வைத்தியத்தைப் பாருன்னுதான் புத்தகம் சொல்லுது. ஆனா பதிவாகியிருந்தா அந்த வைத்தியத்தையாவது பாத்திருப்பாங்க."

விளக்கு வைத்தால் விபத்து குறையும் என்று நாம் நினைப்பது பாதிதான் உண்மை என்று அன்று ராத்திரி திரும்பும் வழியில் அவர் சொன்னார். குறுக்கே வந்து பக்கவாட்டில் மோதுவது குறையும். முன்னால் நின்ற வண்டியைப் பின்னால் வருகிறவர் இடிப்பது கூடும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1978 முதல் 1992 வரை, தேவைக்கு மீறி வைத்த விளக்குகளை 199 சந்திகளில் எடுத்துவிட்டு, எல்லாப் பக்கத்திலும் "நின்று போ" என்று பலகை நட்டார்கள். எல்லாம் ஒருவழிப் பாதைகள் கூடும் சந்திகள். ஆராய்ந்து பார்த்ததில் விபத்துகள் சுமார் 24 சதவீதம் குறைந்திருந்தன. நம் கோயம்புத்தூரிலும் 2022 முதல் இதுபோன்ற பரீட்சை நடந்தது. லாலி ரோடு சந்திப்பு முதலான பல இடங்களில் சிக்னலை நிறுத்திவிட்டு ரவுண்டானாவும் திரும்பும் வழியும் அமைத்தார்கள். முதலில் தற்காலிகத் தடுப்புகளை வைத்துப் பார்த்து, சரிவந்த பிறகு நிரந்தரமாக்குவது என்ற முறை எனக்குப் பிடித்தது. சிமெண்டு போட்டுவிட்டு யோசிப்பதைவிட இது மேல் அல்லவா? ரவுண்டானாவுக்குள் இருப்பவனுக்கு வெளியே இருப்பவன் வழிவிட வேண்டும் என்ற எளிய விதியை இங்கிலாந்தில் 1966 இல்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் ரவுண்டானாவே அடைத்துக்கொண்டு நிற்கும். நம்மவர்கள் அந்த விதியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் வண்டிகள் நிற்காமல் ஓடும் சந்தியில் நடந்து போகிறவன் எப்போது கடப்பான்? இந்தக் கேள்வியை நண்பரிடம் கேட்டேன். அவர் வெகு நேரம் கழித்து, "அதுக்கு விளக்குதான் நல்லது, இல்லாட்டி ஒரு மனுஷன் நிக்கணும்" என்றார். 1868 இல் ரயில்வேக்காரர் நைட் வந்து சேர்ந்த இடத்துக்கே நாங்களும் வந்து சேர்ந்திருந்தோம்.

மறுநாள் மனு எழுத உட்கார்ந்தேன். சிக்னல் விளக்கு என்ற வார்த்தை அதில் வரவில்லை. ஆசிரியருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். விளக்கு என்றால் ஊருக்கே ஒரு பெருமை. கருவேலம் வெட்டுவதில் என்ன பெருமை? பஸ் நிறுத்தத்தைச் சந்தியிலிருந்து நாற்பது தப்படி தள்ளி வைக்க வேண்டும். புதரை வெட்ட வேண்டும். படத்தை அவிழ்க்க வேண்டும். சந்திக்கு முன்னால் இரண்டு பக்கமும் வேகத்தடையும், இருட்டில் தெரியும் வெள்ளைக் கோடும் போட வேண்டும். தெருவிளக்கை எரியவிட வேண்டும். பள்ளிக்கூடம் கூடும் நேரத்திலும் விடும் நேரத்திலும் ஒரு காவலரை நிறுத்த வேண்டும். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் எட்டு மணி நேரம் எண்ணிப் பார்த்து, அப்போதும் தேவைப்பட்டால் விளக்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கீழே ஏழு விபத்துகளையும் டீக்கடைக்காரர் சொன்னபடியே எழுதினேன். மாட்டுப் பொங்கலையும் ஆடிப்பெருக்கையும் பஞ்சாங்கம் பார்த்து ஆங்கிலத் தேதியாக மாற்றி, பக்கத்திலேயே "பதிவாகவில்லை" என்றும் போட்டேன். அப்படிப் போட்டால் அதிகாரிகள் தள்ளிவிடுவார்கள் என்றார் ஆசிரியர். போடாவிட்டால் பொய்யாகிவிடும் என்றேன். பூம்புகார்ப் பூதம் ஞாபகத்துக்கு வந்தது.

ஏழாவதற்கு நேரே பெரியவர் தாமே கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கூட்டி, மெதுவாக, தகப்பனார் பெயரையும் சேர்த்துப் போட்டார். ரசீது வாங்கி வந்தது மாசி மாதத்தில். பங்குனியில் ஆசிரியர் போன் செய்தார். புதரை வெட்டிவிட்டார்கள், காதணி விழா படமும் போய்விட்டது. வேகத்தடைக்குச் சுண்ணாம்பால் கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறார்களாம், தார் இன்னும் வரவில்லை. பஸ் நிறுத்தம் பரிசீலனையில் இருக்கிறது.

"காவலர்?" என்று கேட்டேன்.

"இன்னும் போடலை சார். நாலரை மணிக்குப் பெரியவர்தான் வந்து நிக்கறாரு. துண்டை நீட்டினா லாரிக்காரங்க நிறுத்தறாங்க."